சின்னக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம்: சேர்வதிலிருந்து டி.சி. வாங்குவது வரை

பிளஸ் டூ முடித்துவிட்டு, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிற ஒரு கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேரலாம் என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அரசுக் கல்லூரி, உதவி பெறும் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி எதுவானாலும் சரி. துறையில் ஐந்தாறு ஆசிரியர்கள், வகுப்பில் ஐம்பது அறுபது பேர், மாடியில் ஒரு நூலகம், வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை என்று இருக்கும் கல்லூரியைத்தான் மனதில் வைத்திருக்கிறேன். நான் படித்தது அப்படி ஒன்றில், இப்போது பாடம் நடத்துவதும் அப்படி ஒன்றில்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாவலைக்கூட முழுதாகப் படிக்காமல், கைடையும் சீனியர் நோட்ஸையும் மட்டும் மனப்பாடம் செய்து இந்தப் பட்டத்தை வாங்கிவிட முடியும், வருஷா வருஷம் வாங்கவும் செய்கிறார்கள். அப்படி வாங்கியவர்களுக்கு மூன்று வருஷம் கழித்தும் ஒரு பத்தியைப் புரிந்து படிக்கவோ, நான்கு வரி சொந்தமாக எழுதவோ வருவதில்லை. அதே வகுப்பில் அதே பெஞ்சில் உட்கார்ந்து பாடநூல்களை நிஜமாகவே படித்த பிள்ளைகள் எங்கெங்கோ போய்விட்டார்கள். எந்தக் கல்லூரி என்பதைவிட, நூலைத் திறந்தீர்களா என்பதைத்தான் நான் கேட்பேன். கீழே சொல்வதெல்லாம் அதைச் சுற்றித்தான் வரும்.

சேர்வதற்கு முன்

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு டிஎன்ஜிஏஎஸ்ஏ இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டித் திறப்பார்கள், அதனால் ரிசல்ட் வந்த வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். மற்றப் பாடங்களுக்கு நான்கு பாடங்களின் மொத்தத்தை வைத்துத் தரவரிசை போடுவார்கள். ஆங்கில இலக்கியத்துக்கு அப்படி இல்லை, பிளஸ் டூ ஆங்கிலத் தாளில் வாங்கிய மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். மொத்த மதிப்பெண் சுமாராக இருந்தாலும் இங்கிலீஷில் நன்றாக எடுத்திருந்தால் தயங்காமல் போடுங்கள். கலந்தாய்வுக்குப் போகும்போது டி.சி., மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். வருமானச் சான்றிதழையும் முன்கூட்டியே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள், உதவித்தொகைக்கு அது வேண்டும்.

காசு விஷயத்தில் வீட்டில் தயங்கினால் இதைச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும், 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். பையன்களுக்கு அதே தொகை தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்டிலிருந்து வருகிறது. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. கல்லூரியில் இதற்கென்று ஒரு நோடல் ஆசிரியர் இருப்பார். சேர்ந்த முதல் வாரத்தில் அவரைத் தேடிப் பிடித்துப் பெயரைப் பதிந்துவிடுங்கள். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும், அதில்தான் பலருக்குத் தாமதமாகிறது.

இன்னொன்று. சேரப் போகும் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது, தன்னாட்சிக் கல்லூரியா என்பதைக் கேட்டு வையுங்கள். தன்னாட்சி என்றால் பாடத்திட்டம், கேள்வித்தாள் எல்லாம் அவர்களே போடுவது. இல்லையென்றால் பாரதிதாசன், மனோன்மணியம் சுந்தரனார், பெரியார், திருவள்ளுவர் என்று அந்தந்தப் பல்கலைக்கழகம் வைத்ததுதான். பழைய கேள்வித்தாளை எங்கே தேடுவது என்பதற்கு இது தெரிந்தாக வேண்டும்.

இங்கிலீஷ் பேச வருமா?

சேர்கிற பெரும்பாலோர் வீட்டில் சொல்லிவிட்டு வரும் காரணம் இதுதான். நேராகச் சொல்கிறேன், இது ஸ்போக்கன் இங்கிலீஷ் கோர்ஸ் கிடையாது. இங்கே கவிதை, நாடகம், நாவல், கட்டுரை, விமர்சனம், மொழியியல் படிப்பீர்கள். பேச்சு தானாக வராது, அதற்குத் தனியாக உழைக்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்கள் முதல் மாதம் வகுப்பில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பதை நான் ஒவ்வொரு ஜூலையிலும் பார்க்கிறேன். பயப்படாதீர்கள், ஆங்கில வழியில் படித்தவர்களுக்கும் 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலம் புரிந்திருக்காது. அந்த இடத்தில் எல்லோரும் ஒரே கோட்டில்தான் நிற்கிறீர்கள். கல்லூரியில் பிரிட்ஜ் கோர்ஸ் வைத்தால் ஒரு நாள்கூட விடாதீர்கள்.

முதல் வாரம்

சிலபஸை எடுங்கள். பல்கலைக்கழக இணையதளத்தில் பி.டி.எஃப். ஆக இருக்கும், ஆறு செமஸ்டருக்கும் சேர்த்து அச்செடுத்து நோட்டின் உள்ளட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டுக்கு வந்த பிறகும் தன் சிலபஸைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள் இருக்கிறார்கள், சார் கரும்பலகையில் எழுதிப் போடுவதுதான் அவர்களுக்கு சிலபஸ்.

பாடங்கள் ஐந்து பகுதிகளாக இருக்கும். பகுதி ஒன்று தமிழ், இரண்டு பொது ஆங்கிலம், மூன்றில் மேஜர் என்ற முதன்மைப் பாடமும் அலைடு என்ற துணைப் பாடமும், நான்கில் சுற்றுச்சூழல் கல்வி மாதிரியான சின்னத் தாள்கள், ஐந்தில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்றவை. மேஜர் மேஜர் என்று ஓடித் தமிழில் அரியர் வைப்பவர்கள் உண்டு, அது வேண்டாம். அதைவிட முக்கியமாக, தமிழ்த்தாள் உங்கள் மேஜருக்கே உதவும். யாப்பில் அசை, சீர் பிரித்துப் பழகியவருக்கு ஆங்கில மீட்டர், அதாவது கவிதை வரியின் தாள அளவு, எளிதாகப் பிடிபடும். நாம் நேர், நிரை பார்க்கிற இடத்தில் அவர்கள் அழுத்தம் உள்ள அசை, அழுத்தம் இல்லாத அசை என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான். ஷேக்ஸ்பியரின் வரிகளில் பெரும்பாலானவை பத்து அசை, மெலிது வலிது மெலிது வலிது என்று ஐந்து முறை போகும். பெஞ்சில் விரலால் தட்டிக்கொண்டே படித்துப் பாருங்கள், கேட்கும். அதே மாதிரி குறுந்தொகைப் பாட்டைத் தமிழ் வகுப்பில் படித்தவுடன் ஏ.கே. ராமானுஜனின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் தேடிப் படியுங்கள். 1967-இல் வந்த அவருடைய தொகுப்பைப் படித்துத்தான் குறிஞ்சியும் பாலையும் உலகத்தில் எத்தனையோ பேருக்குத் தெரியவந்தன. இயற்கைக் கவிதை பற்றி வகுப்பில் பேச்சு வரும்போது, திணையைப் பற்றி இரண்டு நிமிஷம் சொல்ல உங்களால் முடியும்.

அப்புறம் நூலகம். சின்னக் கல்லூரியின் மிகப் பெரிய வசதி இதுதான், போட்டிக்கு ஆள் கிடையாது. நூலகரிடம் போய் ஆங்கில அலமாரி எங்கே என்று கேளுங்கள். பழைய புத்தகங்கள்தான் இருக்கும், தூசி தட்ட வேண்டியிருக்கும், ஆனால் இலக்கியத்துக்குப் பழையது ஒரு குறையே இல்லை. எம்.எச். ஏப்ரம்ஸின் இலக்கியக் கலைச்சொல் அகராதி இருக்கிறதா பாருங்கள், 1957-இல் முதலில் வந்தது, பல பதிப்புகள் கண்டது, எந்தப் பதிப்பு கிடைத்தாலும் எடுங்கள். மூன்று வருஷமும் கையோடு இருக்க வேண்டிய ஒரே துணைநூல் எது என்று கேட்டால் நான் அதைச் சொல்வேன்.

நூலகத்தில் இல்லாத பாடநூலுக்கு ப்ராஜெக்ட் கூடன்பெர்க் இருக்கிறது. 1971-இலிருந்து காப்புரிமை முடிந்த நூல்களை இலவசமாகப் போட்டு வருகிறார்கள். பேக்கன், மில்டன், ஆஸ்டின், டிக்கன்ஸ் எல்லாம் அங்கே செல்போனிலேயே கிடைக்கும். லிப்ரிவாக்ஸில் அதே நூல்களை யாரோ வாசித்த ஒலிப்பதிவும் இலவசம். ஆனால் ஆர்.கே. நாராயண் மாதிரி அண்மைக்கால எழுத்தாளர்களுக்கு இது பொருந்தாது, இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து அறுபது வருஷம் ஆன பிறகுதான் காப்புரிமை முடியும். அவற்றை வாங்குங்கள், அல்லது நான்கு பேர் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றிப் படியுங்கள்.

ஒரு கவிதையை எப்படிப் படிப்பது

இங்கேதான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் வழுக்குவது இங்கேதான். தாமஸ் கிரேயின் கல்லறைத் தோட்டத்து இரங்கற்பாவை எடுத்துக்கொள்கிறேன். 1751-இல் வெளிவந்தது, 128 வரி, பல சிலபஸ்களில் முதல் வருஷத்திலேயே வரும். வழக்கமாக என்ன நடக்கிறது? கைடைத் திறந்து சுருக்கத்தைப் படிப்போம், ஏழைகளின் எளிய வாழ்வைக் கவிஞர் போற்றுகிறார் என்று ஒரு வாக்கியத்தை உருப்போடுவோம், முடிந்தது. கவிதையின் முதல் நான்கு வரியை ஒரு தடவைகூட வாய்விட்டுப் படித்திருக்க மாட்டோம்.

இப்படிச் செய்யுங்கள். முதல் நான்கு வரியை மட்டும் மூன்று தடவை சத்தமாகப் படியுங்கள். தெரியாத சொல் இரண்டோ மூன்றோ இருக்கும், அகராதியைப் பாருங்கள். அடுத்து ஒவ்வொரு வரியிலும் யார், என்ன செய்கிறார் என்று பென்சிலால் கோடு போடுங்கள். முதல் வரியில் மணி அடித்துப் பொழுது சாய்ந்ததைச் சொல்கிறது. இரண்டாவதில் மாட்டு மந்தை கத்திக்கொண்டே புல்வெளியில் மெல்லப் போகிறது. மூன்றாவதில் உழவன் களைத்துப் போய் வீட்டுக்கு நடக்கிறான். நான்காவது வரியில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள், அதில் எழுவாய் இல்லை. மேல்வரியில் நடந்து போன உழவனேதான் இங்கேயும் எழுவாய். அவன் உலகத்தை இருட்டிடமும் என்னிடமும் விட்டுவிட்டுப் போகிறான் என்று வரி முடிகிறது. அந்தக் கடைசிச் சொல்லில்தான் கவிஞர் முதல் தடவையாக உள்ளே வருகிறார். சத்தங்கள் ஒவ்வொன்றாக விலகி, ஆட்கள் விலகி, இருட்டும் இவரும் மட்டும் மிஞ்சுகிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கைடும் தேவைப்படவில்லை பாருங்கள். சாயங்காலம் மாடு திரும்பும் தெருவில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த நான்கு வரி நன்றாகவே தெரியும், ஆங்கிலம்தான் இடையில் நிற்கிறது, அதைப் பென்சிலால் அவிழ்த்துவிடலாம். இனி கைடைத் திறவுங்கள், தப்பில்லை. நீங்கள் பார்த்ததை அவர்கள் பார்த்திருக்கிறார்களா என்று சரிபார்க்கலாம். கைடு எப்போதும் மூலத்துக்குப் பின்னால்தான் வர வேண்டும், என் வகுப்பில் நான் வற்புறுத்துகிற ஒரே விதி இதுதான். செல்போனில் கேள்வியைப் போட்டால் கட்டுரையே எழுதித் தரும் செயலிகளுக்கும் இதையே சொல்வேன். நீங்கள் படித்த பிறகு சந்தேகம் கேளுங்கள், படிப்பதற்கு முன் விடை கேட்காதீர்கள்.

நாவலுக்கு வேறு கணக்கு. டிக்கன்ஸின் இரு நகரங்களின் கதை பாடமாக இருந்தால், புத்தகத்தின் தடிமனைப் பார்த்தே பாதி வகுப்பு பின்வாங்கிவிடும். அது 1859-இல் ஒரு வார இதழில் தொடராக வந்த கதை. நம் பாட்டிமார் தொடர்கதைக்குக் காத்திருந்த மாதிரி அங்கேயும் சனிக்கிழமைக்குக் காத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தார்கள். மொத்தம் 45 அத்தியாயம், நாளைக்கு ஒன்று என்றால் ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடும். பஸ்ஸில் போகவர ஒரு மணி நேரம் ஆகிறதென்றால் அதுவே போதும். முதலில் கதையைத் தமிழில் தெரிந்துகொண்டு படிக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாகப் படிக்கலாம். கதை தெரிந்தால் வாக்கியத்தில் கவனம் வைக்க வசதி. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்க்க வேண்டாம், ஒரு பக்கத்துக்கு மூன்று சொல் போதும், மற்றதை ஊகித்துக்கொண்டு ஓடுங்கள். அந்த மூன்றையும் நோட்டில் எழுதும்போது தனிச் சொல்லாக எழுதாமல் அது வந்த வாக்கியத்தோடு எழுதுங்கள்.

நாடகத்தைத் தனியாக உட்கார்ந்து படிக்காதீர்கள். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் நான்காம் அங்கத்து நீதிமன்றக் காட்சி, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து மதிய இடைவேளையில் மரத்தடியில் சத்தமாக வாசித்தாலே போதும். வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஷைலாக்காக வாசிக்கிறவருக்கு அவன் கோபத்தின் காரணம் தானாகப் புரியத் தொடங்கும், அப்புறம் அவன் வெறும் வில்லன் என்று பரீட்சையில் எழுத மனசு வராது.

இலக்கிய வரலாறு

பெயரும் வருஷமுமாகக் கொட்டும் தாள் இது. ஒரு நீளச் சார்ட்டில் கோடு போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். மேலே இங்கிலாந்தின் வருஷங்கள்: 1066 நார்மானியர் படையெடுப்பு, 1476 வாக்கில் வெஸ்ட்மின்ஸ்டரில் காக்ஸ்டன் வைத்த அச்சகம், 1564 முதல் 1616 வரை ஷேக்ஸ்பியர், 1642-இல் நாடக அரங்குகளை மூடியது, 1660-இல் மன்னராட்சி திரும்பியது, 1798-இல் வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் போட்ட கவிதைத் தொகுப்பு, 1837 முதல் 1901 வரை விக்டோரியா. கீழே நம்முடையவை. 1578-இல் கொல்லத்தில் அச்சான தமிழ் நூல் தம்பிரான் வணக்கம், 1600-இல் கிழக்கிந்தியக் கம்பெனி, 1835-இல் ஆங்கிலக் கல்வியை வலியுறுத்திய மெக்காலேயின் கல்விக் குறிப்பு, 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம். இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பார்த்தால்தான், ஷேக்ஸ்பியர் எப்படி நம் ஊர் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தார் என்பதே விளங்கும். பின்னால் காலனியம் பற்றிய தாள் வரும்போது இந்தச் சார்ட் கைகொடுக்கும்.

ஒலியியல்

அரியர் அதிகமாக விழும் தாள்களில் இது ஒன்று, ஆனால் உண்மையில் மதிப்பெண் அள்ளக்கூடியது. ஆங்கிலத்தில் 44 ஒலிகள், அதில் உயிர் 20, மெய் 24. குறியீடுகளைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். தினம் ஐந்து குறியீடு எழுதிப் பழகினால் பத்து நாளுக்குள் முடிந்துவிடும். மனப்பாடம் செய்வதைவிடச் செய்துபார்ப்பது நல்லது. மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை உதட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் குண்டூசிக்கான பின் என்ற சொல்லை ஓர் ஆங்கிலேயர் உச்சரிக்கிற பதிவைக் கேட்டு அதேபோல் சொல்லுங்கள். காகிதம் படபடக்க வேண்டும். அடுத்து ஸ்பின் என்று சொன்னால் காகிதம் அசையவே கூடாது. நாம் தமிழில் பகரத்தை மூச்சு விடாமல் சொல்லிப் பழகியதால் முதல் சொல்லிலும் காகிதம் சும்மா இருக்கும். சொல்லின் தொடக்கத்தில் வரும் அந்த மூச்சைப் பற்றிப் பாடநூலில் ஒரு பக்கம் இருக்கும், இந்தக் காகிதத்துண்டு அதை அரை நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்துவிடும். ஸ்கூலை இஸ்கூல் என்று சொல்வது ஏன் என்பதற்கும் இதே தாளில் காரணம் கிடைக்கும். நம் மொழியில் சொல் அப்படி இரட்டை மெய்யில் தொடங்காது, நாக்கு முன்னால் ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

பேச்சு

நாக்கும் காதும் பழகினால்தான் வரும். தினம் பதினைந்து நிமிஷம் சத்தமாக வாசிப்பது, படித்ததை மூடி வைத்துவிட்டு ஐந்து வாக்கியத்தில் சொல்லிப் பார்ப்பது, ஒரு தோழனோடோ தோழியோடோ பஸ் நிறுத்தத்திலிருந்து கல்லூரி வாசல் வரை ஆங்கிலத்தில்தான் பேசுவது என்று ஒப்பந்தம் செய்துகொள்வது, இவ்வளவுதான். தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள் என்ற பயம் இருக்கும். சிரிக்கிற நண்பரை விட்டுவிட்டு, திருத்துகிற நண்பரைத் தேடிக்கொள்ளுங்கள். நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரிக்கு வரும் ஆங்கிலப் பயிற்சியைச் சும்மா வருகைக்காக உட்கார்ந்து எழுந்து வராமல் பயன்படுத்துங்கள்.

செமினார் என்று பெயர் அழைத்தால் கழிவறைக்குப் போய் ஒளியாதீர்கள், தயவுசெய்து. சின்ன வகுப்பில் உங்கள் முறை திரும்பத் திரும்ப வரும், இருநூறு பேர் வகுப்பில் அது கிடைக்காது. பதினான்கு வரி சானெட் ஒன்றை எடுங்கள், இணையத்திலிருந்து நான்கு பக்கம் எடுத்து மனப்பாடம் செய்யாமல், எட்டுப் பத்துச் சொல்லுக்குள் முடியும் சொந்த வாக்கியங்கள் பன்னிரண்டு எழுதுங்கள். அதை வீட்டில் நின்றுகொண்டே நான்கைந்து தடவை சொல்லிப் பாருங்கள். கேள்வி வந்தால் தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லவும் பழகிக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களும் வருகையும்

சின்னக் கல்லூரியில் துறைத்தலைவர் உங்கள் பெயரையே சொல்லிக் கூப்பிடுவார். இதைப் பயன்படுத்தாமல் மூன்று வருஷம் பின்பெஞ்சில் ஓட்டிவிடாதீர்கள். வாரம் ஒரு விடை சொந்தமாக எழுதி, யாராவது ஓர் ஆசிரியரிடம் காட்டுங்கள். எல்லோரும் திருத்தித் தருவார்கள் என்று சொல்ல மாட்டேன், ஒருவர் நிச்சயம் தருவார், அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் நிறைய இருக்கிறார்கள். நெட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வும் பிஎச்.டி.யும் முடித்துவிட்டுக் குறைந்த சம்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள் அவர்கள், அடுத்த படிப்புக்கான தேர்வுகளைப் பற்றி அண்மை அனுபவம் அவர்களிடம்தான் இருக்கும். மரியாதையாகப் போய்க் கேளுங்கள்.

வருகை 75 சதவீதம் வேண்டும். குறைந்தால் அபராதம் கட்டிச் சமாளிக்க ஒரு வரம்பு வரை வழி உண்டு, அதற்கும் கீழே போனால் தேர்வெழுத விடமாட்டார்கள். ஜவுளிக் கடையிலும் கல்யாணச் சமையலிலும் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள் என் வகுப்பில் எப்போதும் உண்டு. முகூர்த்த நாட்களில் வர முடியாது என்றால் முன்பே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், மறைக்காதீர்கள். காரணம் தெரிந்தால் விடுபட்ட பாடத்துக்கு ஏதாவது ஏற்பாடு செய்து தருவார்கள்.

தேர்வு

பெரும்பாலான இடங்களில் இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. மூன்று மணி நேரம். பத்து இரண்டு மதிப்பெண் கேள்வி, ஐந்து ஐந்து மதிப்பெண், மூன்று பத்து மதிப்பெண் என்ற மாதிரி பரவலாக உண்டு, உங்கள் பல்கலைக்கழகத்தில் எப்படி என்று பழைய கேள்வித்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். நூலகத்தில் அவற்றை பைண்டு செய்து வைத்திருப்பார்கள். ஐந்து வருஷக் கேள்விகளை ஒரு தாளில் யூனிட் வாரியாக எழுதிப் பார்த்தால் எந்தக் கவிதை திரும்பத் திரும்ப வருகிறது என்பது தெரிந்துவிடும்.

விடைத்தாள் திருத்துகிறவனாக ஒன்று சொல்கிறேன். ஒரே கைடிலிருந்து எழுதிய முப்பது விடை அடுத்தடுத்து வரும், முதல் வரியிலிருந்தே ஒன்றுபோல இருக்கும். அவற்றின் நடுவே இலக்கணம் இரண்டு இடத்தில் பிசகினாலும், மூலத்திலிருந்து ஒரு வரியை எடுத்துக்காட்டி அது ஏன் அங்கே இருக்கிறது என்று சொந்தமாகச் சொல்லும் ஒரு விடை வந்தால் கை தானாக நிற்கும். அப்படிப்பட்ட விடைக்கு நான் குறைத்து மதிப்பெண் போட்டதே இல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று நான்கு மேற்கோள் வரி சரியாகத் தெரிந்திருந்தால் போதும். பத்து மதிப்பெண் விடை என்றால் அரை மணி நேரத்துக்கு மேல் அதில் உட்காராதீர்கள், கடைசிக் கேள்வியை எழுத நேரமில்லாமல் விட்டவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள்.

மதிப்பெண் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்தால் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், விடைத்தாள் நகலும் கேட்டு வாங்கலாம். ரிசல்ட் வந்து சில நாட்கள்தான் அவகாசம் தருவார்கள், சுற்றறிக்கையைப் பாருங்கள். அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டரிலேயே எழுதி முடித்துவிடுங்கள். ஐந்தாம் செமஸ்டரில் மூன்று அரியரோடு நிற்பவருக்கு நல்ல பாடமும் சுமையாகிவிடுகிறது.

மூன்றாம் வருஷம்

என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை ஐந்தாம் செமஸ்டரிலேயே யோசியுங்கள், கடைசித் தேர்வு முடிந்த பிறகு யோசித்தால் ஒரு வருஷம் போய்விடும். எம்.ஏ.வுக்கு மத்தியப் பல்கலைக்கழகம் என்று ஆசை இருந்தால், திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு சியூஇடி பி.ஜி. தேர்வு எழுத வேண்டும். அதற்கு விண்ணப்பம் மூன்றாம் வருஷத்தின் நடுவிலேயே, டிசம்பர் ஜனவரி வாக்கில் வந்துவிடும். நம் பிள்ளைகள் பலர் மே மாதத்தில் வந்து கேட்கிறார்கள், அதற்குள் தேர்வே முடிந்திருக்கும். கேள்விகள் கொள்குறி வகை, இலக்கிய வரலாறும் விமர்சனமும் நிறைய வரும், சுவரில் ஒட்டிய சார்ட் இங்கேயும் உதவும்.

பள்ளி ஆசிரியராக வேண்டும் என்றால் பி.எட். இரண்டு வருஷம், அப்புறம் டெட் தேர்வு. மேல்நிலை வகுப்புக்கு முதுகலை ஆசிரியராக வேண்டுமானால் எம்.ஏ.வும் பி.எட்.டும் வேண்டும். கல்லூரியில் பாடம் நடத்த எம்.ஏ. முடித்து நெட் அல்லது செட். நெட்டில் இரண்டு தாளும் ஒரே அமர்வில், 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். டிஎன்பிஎஸ்சி குரூப் 2 எழுதவும் இந்தப் பட்டம் போதும், அங்கே தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது என்பதால் முன்பு சொன்ன தமிழ் வகுப்பை மறுபடியும் ஞாபகப்படுத்துகிறேன். மொழிபெயர்ப்பு, பத்திரிகை, கன்டென்ட் ரைட்டிங், பிபிஓ என்றும் வழிகள் உண்டு. தமிழும் ஆங்கிலமும் இரண்டும் சுத்தமாக எழுதத் தெரிந்தவருக்கு எப்போதும் தட்டுப்பாடுதான், அதனால் இரண்டாம் வருஷத்திலிருந்தே வாரம் ஒரு பத்தியை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் மொழிபெயர்த்துப் பழகுங்கள்.

கடைசியாக வீட்டுக்குப் போகும் முன்: நூலகத்தில் நோ டியூஸ் வாங்குங்கள், எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள், டி.சி., நன்னடத்தைச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், புரொவிஷனல் சான்றிதழ் நான்கிலும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். பிசகு இருந்தால் அன்றே அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், பின்னால் பல்கலைக்கழகத்துக்கு அலைவது பெரும்பாடு. பட்டமளிப்புக்கு விண்ணப்பித்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள், டிகிரிச் சான்றிதழ் தாமதமாகத்தான் வரும், அது வரும் வரை எல்லா விண்ணப்பத்துக்கும் புரொவிஷனலைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.